லேபிளில் இருப்பது எண், பைக்குள் இருப்பது என்ன? – வாசகர் கேள்வி பதில்

சேர்க்கைப் பொருட்களில் மறைந்திருக்கும் குளூட்டன் (கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள புரதம்) பற்றியும் பிற ஒவ்வாமைப் பொருட்கள் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ஏழு வயது மகளுக்கு, குளூட்டனால் குடல் சேதமாகும் சீலியாக் நோய் என்று உறுதியாகியிருக்கிறது. 'கோதுமை' என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பொட்டலத்தைத் தொடுவதில்லை. ஆனால் சில பட்டியல்களில் வெறும் எண்களாகவே இருக்கின்றன. ஒரே பொட்டலத்தில் 1422, 471, 415, 322, 150டி எல்லாம் இருந்தன. இவற்றில் எதில் குளூட்டன் இருக்கும்?

பதில்: ஐந்தில் நீங்கள் விசாரிக்க வேண்டியது 1422 ஒன்றைத்தான். மற்ற நான்கும் குளூட்டன் கணக்கில் வராது. அவற்றில் இரண்டு வேறு ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை.

இந்த எண்கள், சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் சர்வதேச எண் முறையில் (ஐ.என்.எஸ்.) வருபவை. ஐ.என்.எஸ். 322 என்று போட்டிருந்தாலும், ஐரோப்பிய லேபிளில் இ 322 என்று இருந்தாலும் பொருள் ஒன்றுதான். எண்ணைப் பார்த்தால் அது என்ன பொருள் என்று தெரியும். எந்தப் பயிரிலிருந்து எடுத்தார்கள் என்று தெரியாது. சிக்கல் அங்கேதான்.

1404-லிருந்து 1451 வரையுள்ள எண்கள் மாடிஃபைடு ஸ்டார்ச் வகையைச் சேர்ந்தவை. சூடு, புளிப்பு, உறைநிலை எதிலும் சாஸும் கிரீமும் நீர்த்துப்போகாமல் இருக்க, ஸ்டார்ச்சை வேதிமுறையில் மாற்றி எடுக்கிறார்கள். மூலப்பொருள் மக்காச்சோளமாக இருக்கலாம், மரவள்ளியாக, உருளைக்கிழங்காக, கோதுமையாகவும் இருக்கலாம். கோதுமை என்றால் அதை எழுதியாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியச் சட்டமும் அமெரிக்கச் சட்டமும் சொல்கின்றன. அதனால் ஒழுங்காக அச்சிட்ட லேபிளில் 'கோதுமை' என்ற சொல் எங்குமே இல்லாமல் 1422 மட்டும் இருந்தால், அது வேறு பயிரின் ஸ்டார்ச். அமெரிக்க லேபிளில் அடைமொழி எதுவும் இல்லாமல் 'ஸ்டார்ச்' என்று மட்டும் இருந்தால் அது மக்காச்சோள ஸ்டார்ச்தான். லேபிளே அரைகுறையாக இருந்தால், அதாவது மொழிபெயர்ப்பு ஸ்டிக்கர் ஒட்டிய இறக்குமதிப் பொட்டலமாகவோ சில்லறையாகப் பிரித்துக் கட்டிய பொருளாகவோ இருந்தால், உற்பத்தியாளரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

471 என்பது மோனோ, டை கிளிசரைடுகள். கொழுப்பிலிருந்து செய்வது, புரதத்துக்கு அதில் வேலை இல்லை. 415 சாந்தன் கம். சர்க்கரைக் கரைசலில் ஒரு பாக்டீரியாவை வளர்த்து, அது சுரக்கும் பசையை ஆல்கஹாலால் பிரித்தெடுக்கிறார்கள். குளூட்டன் இல்லாத ரொட்டிக்குப் பிடிமானம் தருவதே இதுதான். இதைக் கண்டு பயந்து ஒதுக்கினால் உங்கள் மகளுக்கான பாதி உணவை ஒதுக்கியதாகிவிடும். 322 லெசித்தின். சோயா, சூரியகாந்தி, ரேப்சீட், முட்டை எதிலிருந்தும் எடுக்கலாம், ஆகவே இது சோயாவும் முட்டையும் ஆகாதவர்களின் கவலை. 150டி கேரமல் நிறமி. சர்க்கரை மூலம் கோதுமை குளூக்கோஸ் சிரப்பாகவே இருந்தாலும், அத்தனை சுத்திகரிப்புக்கும் சூட்டுக்கும் பிறகு பொருட்படுத்தத்தக்க குளூட்டன் மிஞ்சுவதில்லை. ஆனால் 150பி, 150டி இரண்டும் சல்ஃபைட் என்ற கந்தகச் சேர்மம் சேர்த்துத் தயாராகின்றன. சல்ஃபைட் ஆகாதவர்கள் அதைக் குறித்துக்கொள்ளலாம்.

உங்கள் மகள் விஷயத்தில் எண்களைவிட எண்ணே இல்லாத சில சொற்கள்தான் ஆபத்து: மால்ட் (முளைகட்டிய பார்லி) எக்ஸ்ட்ராக்ட், மால்ட் சிரப், மால்ட் வினிகர், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், ஹைட்ரலைஸ் செய்த (துண்டாக்கிய) தாவரப் புரதம், சோயா சாஸ் பவுடர். சேர்க்கைப் பொருள் என்ற தலைப்பில் இவை வருவதே இல்லை. சாதாரண சேர்மானங்களாகப் பட்டியலில் உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: மால்ட் ஆபத்து என்றால் மால்ட்டோடெக்ஸ்ட்ரின்?

பதில்: அது வேறு. ஸ்டார்ச்சை நொதியாலோ அமிலத்தாலோ துண்டாக்கிய பவுடர் அது, பார்லி மால்ட்டோடு உறவில்லை. பெரும்பாலும் மக்காச்சோளம் அல்லது மரவள்ளி. கோதுமையிலிருந்து எடுத்தாலும் புரதம் அநேகமாக முழுவதும் நீங்கிவிடுவதால், கோதுமை மால்ட்டோடெக்ஸ்ட்ரினையும், டெக்ஸ்ட்ரோஸ் உள்பட கோதுமை குளூக்கோஸ் சிரப்பையும் ஒவ்வாமை அறிவிப்பிலிருந்தே ஐரோப்பிய ஒன்றியம் விலக்கியிருக்கிறது. வெறும் 'டெக்ஸ்ட்ரின்' என்றிருந்தால் மட்டும் மூலத்தைக் கேளுங்கள், அது அவ்வளவு சுத்திகரிப்பைக் கடந்ததல்ல. மோனோசோடியம் குளூட்டமேட் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அது சர்க்கரையை நொதிக்கவைத்து எடுக்கும் ஓர் அமினோ அமில உப்பு. குளூட்டனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கேள்வி: என் கணவருக்குக் கோதுமை அலர்ஜி. பாதுகாப்பாக இருக்கட்டுமே என்று 'குளூட்டன் ஃப்ரீ' ரொட்டி வாங்கிக் கொடுத்தோம். சாப்பிட்ட அரைமணியில் உதடு வீங்கிவிட்டது. லேபிள் பொய்யா?

பதில்: லேபிள் சரியாகவே இருந்திருக்கலாம். உங்கள் கணவருக்கான லேபிள் அது இல்லை, அவ்வளவுதான்.

'குளூட்டன் ஃப்ரீ' என்றால் ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல் இல்லை என்று பொருள். கோடெக்ஸ் அளவு அது, ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் அதே எண்தான். 20 பி.பி.எம். என்று சொல்வதும் இதையே. இந்த அளவுக்கு உட்பட்டுவிட்டால் கோதுமையிலிருந்து எடுத்த ஸ்டார்ச்சையும் சேர்க்கலாம். மாவைத் தண்ணீரில் கழுவிக் கழுவிக் குளூட்டனைப் பிரித்தபின் மிஞ்சும் ஸ்டார்ச் ரொட்டிக்கு நல்ல மென்மை தரும் என்பதால் பல தயாரிப்பாளர்கள் அதை விரும்புகிறார்கள். சீலியாக் உள்ளவர்களுக்கு அது சரி. ஆனால் கோதுமையில் குளூட்டன் தவிர அல்புமின், குளோபுலின் என்று வேறு புரதங்களும் உண்டு. குளூட்டன் பரிசோதனை அவற்றைத் தேடுவதே இல்லை. உங்கள் கணவரின் உடல் எந்தக் கோதுமைப் புரதத்தை எதிர்க்கிறதோ அது அந்த ஸ்டார்ச்சில் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது 'கோதுமை' என்ற சொல் இல்லாத பட்டியலை. ஐரோப்பிய லேபிளில் அது தடித்த எழுத்திலோ வேறு விதத்தில் எடுப்பாகவோ இருக்கும். அமெரிக்காவில் குளூட்டன் ஃப்ரீ பொருளின் பட்டியலில் கோதுமை இடம்பெற்றால், அந்தக் கோதுமை விதிமுறைக்கு ஏற்பப் பதப்படுத்தப்பட்டது என்ற குறிப்பும் கூடவே இருக்க வேண்டும். ஸ்பெல்ட், கமுத், துரம், ஐன்கார்ன், எம்மர், ட்ரிட்டிகேலி, செய்ட்டான் எல்லாமே கோதுமைக் குடும்பம் அல்லது அதிலிருந்து வந்தவை. பக்வீட் மட்டும் பெயருக்குத்தான் கோதுமை, செடி வேறு.

உதடு வீங்கியது சின்ன விஷயம் இல்லை. அடுத்த முறை மூச்சுக்குழாய் வீங்கலாம். ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்து, கடும் ஒவ்வாமைக்கு உடனே போடும் எப்பினெஃப்ரின் ஊசி கையில் வைத்திருக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

கேள்வி: 'நேச்சுரல் ஃப்ளேவர்', 'சீசனிங்', 'ஸ்பைஸ் மிக்ஸ்' என்று பொத்தாம்பொதுவாகப் போடுகிறார்களே, அவற்றை எப்படி நம்புவது?

பதில்: நம்ப முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மறைவான குளூட்டன் அதிகம் வரும் வாசல் இதுதான்.

ஒரு ஃப்ளேவர் பவுடரில் மணம் தரும் பொருள் கொஞ்சம்தான். மீதி முழுக்க அதைச் சுமக்கும் பொருள். தொழிலில் அதைக் 'கேரியர்' என்பார்கள். மால்ட்டோடெக்ஸ்ட்ரின், உப்பு, டெக்ஸ்ட்ரோஸ் என்றால் கவலை இல்லை. லாக்டோஸ் அல்லது மோர்ப் பவுடர் என்றால் பால் ஒவ்வாமைக்காரர்களுக்கு வினை. மலிவான மசாலாக் கலவையில் கோதுமை மாவே கேரியராக இருப்பதும் உண்டு. புகைமணப் பவுடரில் சில சமயம் பார்லி மால்ட் மாவு இருக்கும்.

ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்டில் இரண்டு ஜாதி. மொலாசஸில் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகு) வளர்த்த ஈஸ்ட்டிலிருந்து எடுத்தது பிரச்சினை இல்லை. பீர் தயாரித்து மிஞ்சிய ஈஸ்ட்டிலிருந்து எடுத்ததில் பார்லியின் எச்சம் ஒட்டியிருக்கும். லேபிளில் இரண்டுக்கும் ஒரே பெயர். சோயா சாஸ் பவுடர் என்றால் கோதுமையும் சேர்ந்தே வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள், வழக்கமான சோயா சாஸ் இரண்டையும் சேர்த்து நொதிக்கவைப்பதுதான். கோதுமை சேர்க்காத வகைகளும் உண்டு, அவை அதைத் தனியாகச் சொல்லிக்கொள்ளும்.

சட்டத்தில் ஒரு ஓட்டை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவின் ஒவ்வாமை லேபிள் சட்டம் 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அது கோதுமையைக் கட்டாயம் ஆக்கியது, பார்லியையும் ரையையும் சேர்க்கவில்லை. எள்கூட 2023 ஜனவரியில்தான் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. ஆக அந்நாட்டு லேபிளில் 'நேச்சுரல் ஃப்ளேவர்' என்ற சொல்லுக்குள் பார்லி மால்ட் ஒளிந்திருக்க இடம் உண்டு. ஐரோப்பியப் பட்டியலில் 14 இனங்கள். 'குளூட்டன் உள்ள தானியங்கள்' என்று பார்லி, ரை, ஓட்ஸ் எல்லாவற்றையும் பிடித்துவிடுகிறது. செலரி, கடுகு, லூப்பின் என்ற பயறு வகை ஆகியவையும் அதில் உண்டு. எந்த நாட்டு விதிப்படி அச்சிட்ட லேபிள் என்று முதலில் பாருங்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே பண்டமானாலும் இரண்டு சந்தைகளில் இரண்டு விதமாகப் பேசும்.

பொடித்த மசாலாவில் இன்னொரு வம்பு கலப்படம். 2014 கடைசியிலும் 2015-லும் அரைத்த சீரகத்தில் நிலக்கடலைப் புரதம் இருந்ததால் அமெரிக்காவில் ஏராளமான பண்டங்களைத் திரும்பப் பெற்றார்கள். அதே காலத்தில் பிரிட்டனில் சீரகத்திலும் பாப்ரிகாவிலும் பாதாம் இருப்பதாகச் சோதனை காட்டியது. ஆழமாக ஆராய்ந்தபோது ஒரு சீரக மாதிரியில் இருந்தது பாதாம் அல்ல, அதன் உறவு மரமான மஹ்லேப் என்று தெரிந்தது. பாதாமுக்கான எலைசா (ஆன்டிபாடியால் புரதத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை) அதையும் பாதாம் என்றே காட்டியிருக்கிறது. முழு மசாலாவாக வாங்கி அரைத்துக்கொள்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

கேள்வி: பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு லாக்டிக் அமிலம், கால்சியம் லாக்டேட், சோடியம் ஸ்டிரோயில் லாக்டிலேட் ஆகுமா? 'நான்-டைரி க்ரீமர்' தைரியமாகத் தரலாமா?

பதில்: முதல் மூன்றும் ஆகும். க்ரீமரைப் பட்டியல் படிக்காமல் தராதீர்கள்.

லாக்டிக் அமிலம் 270, கால்சியம் லாக்டேட் 327, அந்த லாக்டிலேட் 481. மூன்றிலும் உள்ள லாக்டிக் அமிலம் பொதுவாகச் சர்க்கரையை நொதிக்கவைத்துக் கிடைப்பது. அமிலத்திலோ அதன் உப்பிலோ பால் புரதம் கிடையாது. 'நான்-டைரி' என்ற பெயரில் வரும் க்ரீமர்களிலோ சோடியம் கேசினேட் அடிக்கடி இருக்கும். அது அசல் பால் புரதம். கொழுப்பைத் தண்ணீரோடு கலக்கவைக்க அதைவிடத் தோதான பொருள் கிடைப்பது கஷ்டம் என்பதால் சேர்க்கிறார்கள். இறைச்சித் துண்டுகளை ஒட்டவைக்கும் டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதியிலும் கேசினேட் கலந்த வகைகள் விற்பனையில் உள்ளன. லாக்டிட்டால் 966 லாக்டோஸிலிருந்து வரும் இனிப்பு. அதில் புரதம் மிகச் சொற்பம் என்றாலும் தீவிர ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தருவது நல்லது.

அளவு எவ்வளவு சின்னது என்று ஒரு கணக்கு. பால் புரதத்துக்கு எஃப்.ஏ.ஓ. (ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு)–உலக சுகாதார நிறுவன நிபுணர் குழு வகுத்த குறிப்பு அளவு ஒரு வேளைக்கு 2 மில்லிகிராம். பெரும்பாலான ஒவ்வாமைக்காரர்களுக்கு அதற்குக் கீழே எதிர்வினை வருவதில்லை, ஆனால் எல்லோருக்கும் அது உத்தரவாதம் அல்ல. மோர்ப் பவுடரில் சுமார் 12 சதவீதம் புரதம். அப்படியென்றால் 17 மில்லிகிராம் பவுடரே அந்த அளவைத் தொட்டுவிடும். கரண்டி நுனியில் ஒட்டிக்கொண்டு வருவது அதைவிட அதிகம்.

முட்டை ஒவ்வாமை பற்றிக் கேட்டவருக்கும் இங்கேயே ஒரு வரி: 1105 என்ற லைசோசைம் முட்டை வெள்ளைக்கருவிலிருந்து எடுப்பது, கெட்டியான பாலாடைக்கட்டிகளில் வரும்.

கேள்வி: சிறிய அளவில் குளூட்டன் இல்லாத பிஸ்கட் செய்து விற்கத் தொடங்கியிருக்கிறேன். பேக்கிங் பவுடர், ஃப்ளேவர், சாக்லேட் சிப்ஸ் எல்லாம் வெளியில் வாங்குவதுதான். சப்ளையரிடம் என்ன கேட்க வேண்டும்? 'குளூட்டன் இல்லை சார்' என்று வாட்ஸாப்பில் சொல்லிவிடுகிறார்கள்.

பதில்: வாட்ஸாப் வாக்கு எதற்கும் உதவாது. ஒவ்வொரு பொருளுக்கும் எழுத்தில் இரண்டு காகிதம் வாங்குங்கள்: ஸ்பெசிஃபிகேஷன் ஷீட், அலர்ஜன் அறிவிப்பு. அவற்றில் இருக்க வேண்டியவை இவை. ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின் எது வந்தாலும் அதன் பயிர். கூட்டுப் பொருளென்றால் அதன் உள்பொருட்கள், கேரியர் உட்பட. அதே இயந்திரத்தில் கோதுமை, பால், கடலை எதுவும் ஓடுகிறதா என்பது. பரிசோதனை செய்திருந்தால் எந்த முறையில், எந்த லாட்டுக்கு (ஒரே தடவையில் தயாரான தொகுதிக்கு). பேக்கிங் பவுடரைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். சோடாவும் அமில உப்பும் டப்பாவுக்குள்ளேயே வினைபுரிந்துவிடாமல் இருக்க ஸ்டார்ச் கலக்கிறார்கள், அது கோதுமை ஸ்டார்ச்சாக இருக்கலாம்.

சோதனைச் சான்றிதழில் 'கண்டறியப்படவில்லை' என்றிருந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். எந்த அளவுவரை அந்த முறையால் அளக்க முடியும் என்ற எண் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆர்5 என்ற ஆன்டிபாடியால் குளூட்டனை அளக்கும் சாண்ட்விச் எலைசாவில் அது வழக்கமாக 5 பி.பி.எம். அந்த எண் இல்லாத காகிதம் வெற்றுக் காகிதம். சான்றிதழின் லாட் எண்ணும் உங்களிடம் வந்த பையின் லாட் எண்ணும் ஒன்றா என்றும் பாருங்கள். போன வருடச் சான்றிதழின் நகலை எல்லாப் பைகளோடும் அனுப்புகிறவர்கள் உண்டு.

இன்னும் ஒன்றை எழுதி வாங்க வேண்டும்: மூலப்பொருளை மாற்றினால் முன்கூட்டியே சொல்வோம் என்ற உறுதி. 2022-ல் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் தட்டுப்பட்டபோது, லேபிளை மாற்றி அச்சிடும் முன்பே ரேப்சீட் எண்ணெய்க்கு மாற வேண்டிய நிலை சில தயாரிப்பாளர்களுக்கு வந்ததாகப் பிரிட்டனின் உணவுத் தர அமைப்பே நுகர்வோருக்கு அறிவித்தது. சூரியகாந்தி லெசித்தின் கிடைக்காதபோது கைக்கு எட்டும் அடுத்த சரக்கு சோயா லெசித்தின். உங்களுக்குத் தெரியாமல் அது மாறினால் உங்கள் லேபிள் பொய்யாகிவிடும்.

இனி கணக்கு. சேர்க்கைப் பொருளில் உள்ள பி.பி.எம். அளவை, கலவையில் அதன் பங்கால் பெருக்க வேண்டும். 100 பி.பி.எம். குளூட்டன் உள்ள ஸ்டார்ச்சை 2 சதவீதம் போட்டால் பண்டத்தில் 2 பி.பி.எம். பயமில்லை. இப்போது ஒரு சீசனிங்கில் கேரியராக 5 சதவீதம் கோதுமை மாவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாவில் புரதம் சுமார் 10 சதவீதம், அதில் ஐந்தில் நான்கு பங்கு குளூட்டன். அதாவது மாவிலேயே 80,000 பி.பி.எம். சீசனிங்கில் அது 4,000. அந்த சீசனிங்கை 6 சதவீதம் தூவினால் பண்டத்தில் 240. வரம்பைப் போலப் பன்னிரண்டு மடங்கு.

கணக்கு சரியாக வந்தாலும் சட்டம் விடாத இடமும் இருக்கிறது. பார்லி மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டைக் கடுகளவு சேர்த்து, பண்டத்தில் 1 பி.பி.எம். கூட வராவிட்டாலும், அமெரிக்க விதிப்படி அதைக் குளூட்டன் ஃப்ரீ என்று விற்க முடியாது. குளூட்டன் தானியத்திலிருந்து எடுத்து, குளூட்டனை நீக்காத சேர்மானம் எதுவும் உள்ளே வரக் கூடாது என்பது அந்த விதி.

சொந்தச் சமையல்கூடத்துக்கும் இதே கணக்குதான். ஒரு கிராம் கோதுமை மாவில் 80 மில்லிகிராம் குளூட்டன். ஒரு கிலோ மாவுப்பிசைவில் அனுமதி 20 மில்லிகிராம். கால் கிராம் மாவு பறந்து விழுந்தால் அந்தக் கிலோ போயிற்று. கோதுமை மாவைத் தட்டிய கூடத்தில் தூசி பல மணி நேரம் மிதக்கும். ஆகவே குளூட்டன் இல்லாத வேலையைக் காலையில் முதலில் முடியுங்கள். காற்றுப் பீய்ச்சி மாவை ஊதித் தள்ளாதீர்கள், அது இல்லாத இடத்துக்கும் கொண்டுபோகும். உறிஞ்சி எடுத்துவிட்டு ஈரத் துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சல்லடை, மர உருளை, மரப்பலகை மூன்றையும் கழுவித் தீர்க்க முடியாது. தனியாகவே வாங்கி, நிறம் அடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே பார்க்கும் குளூட்டன் டெஸ்ட் கிட் வாங்கினோம். சோதித்துப் பார்க்க வேண்டுமென்றே கோதுமை மாவைக் கரைத்து விட்டோம். 'இல்லை' என்று காட்டுகிறது! போலிக் கிட்டா?

பதில்: போலி என்று முடிவுகட்டும் முன் மாவைக் குறைத்துப் பாருங்கள். அதிகம் போட்டதே காரணமாக இருக்கலாம்.

கிட்டின் சோதனைப் பட்டையில் இரண்டு இடத்தில் ஆன்டிபாடி இருக்கும். நிறத்துகளோடு ஒட்டிய ஆன்டிபாடி குளூட்டனை ஒரு பக்கம் பிடிக்க, கோட்டில் பதிந்திருக்கும் ஆன்டிபாடி மறுபக்கம் பிடிக்கும். அப்போதுதான் கோடு தெரியும். குளூட்டன் வெள்ளமாக வந்தால் இரண்டு ஆன்டிபாடிகளும் தனித்தனிக் குளூட்டனைப் பிடித்து நிறைந்துவிடுகின்றன. இரண்டையும் சேர்த்துப் பிணைக்கும் குளூட்டன் இல்லாததால் கோடு வராது. இதற்கு 'ஹுக் எஃபெக்ட்' என்று பெயர். சந்தேகம் வந்தால் அதே சாற்றை, கிட்டோடு வந்த கரைசலால் பத்து மடங்கு, நூறு மடங்கு நீர்க்கவைத்துத் திரும்பப் பாருங்கள். சரியான கிட் என்றால் அப்போது கோடு வரும்.

கிட் கோட்டைவிடும் வேறு இடங்களும் உண்டு. சூட்டில் வெந்த பண்டத்தில் குளூட்டன் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து வெளியே வர மறுக்கும். அதனால்தான் ஆய்வகத்தில் வெறும் ஆல்கஹால் மட்டும் போதாமல், அந்தப் பிணைப்பை அறுக்கும் கரைசலைச் சேர்த்துச் சூடாக்கிப் பிரித்தெடுக்கிறார்கள். சாக்லேட், தேயிலை போன்றவற்றில் துவர்ப்புத் தரும் டானின்கள் குளூட்டனை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிரித்தெடுக்கும்போது கொழுப்பு நீக்கிய பால் பவுடரோ மீன் ஜெலட்டினோ போட்டால் டானின் அதைப் பிடித்துக்கொண்டு குளூட்டனை விடும்.

பீர், சோயா சாஸ், ஹைட்ரலைஸ் செய்த புரதம் ஆகியவற்றுக்கு இந்த கிட்டை நம்பவே வேண்டாம். நொதித்தலில் குளூட்டன் துண்டு துண்டாகிவிடுவதால் இரண்டு ஆன்டிபாடியும் பிடிக்க இடம் இருக்காது. துண்டு மட்டும் குடலில் தன் வேலையைச் செய்யும். ஆய்வகத்தில் இதற்குக் காம்பெட்டிட்டிவ் எலைசா என்ற வேறு முறை இருக்கிறது, அதன் எண்ணையும் நேரடியாகக் குளூட்டன் அளவாக மாற்றுவது சிரமம். நொதித்த உணவுக்குச் சோதனையை மட்டும் ஆதாரமாகக் கொள்ள முடியாது, நொதிக்கும் முன்பே மூலப்பொருள் குளூட்டன் இல்லாதது என்று பதிவேடு காட்ட வேண்டும் என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) 2020-ல் விதி கொண்டுவந்தது இந்தக் காரணத்தால்தான்.

ஓட்ஸில் இயல்பாக உள்ள அவெனின் என்ற புரதத்தை ஆர்5 ஆன்டிபாடி பிடிக்காது. ஆர்5 சோதனையில் ஓட்ஸ் 'சுத்தம்' என்று வந்தால், கோதுமை, பார்லி, ரை கலக்கவில்லை என்றே பொருள். சீலியாக் உள்ளவர்களில் சிறு பகுதியினருக்கு அவெனினே ஒத்துக்கொள்ளாது.

கேள்வி: 'இருக்கக்கூடும்' என்று எழுதியிருப்பதைத் தவிர்த்தால் போதுமா?

பதில்: அப்படி எழுதியிருந்தால் தவிர்க்கலாம். எழுதவில்லை என்பதை மட்டும் வைத்துப் பாதுகாப்பு என்று எடுக்க முடியாது. பெரும்பாலான நாடுகளில் அந்த வாசகம் தயாரிப்பாளரின் விருப்பம்தான், கட்டாயம் இல்லை. சிலர் சோதித்துப் பார்த்து எழுதுகிறார்கள், சிலர் வழக்குக்குப் பயந்து எல்லாவற்றிலும் அடித்துவிடுகிறார்கள், சிலர் எழுதுவதே இல்லை.

கேள்வி: ஆஸ்துமா இருக்கிறது. உலர்பழம் சாப்பிட்டால் மூச்சு இறுகுகிறது. இது சேர்க்கைப் பொருளால்தானா?

பதில்: சல்ஃபைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். 220-லிருந்து 228 வரையுள்ள எண்கள் அவை (225 மட்டும் ஐரோப்பாவில் இல்லை). வெளிர்நிறமாகவே இருக்கும் உலர்பழத்தில் நிறம் கறுக்காமலிருக்க கந்தக டை ஆக்சைடு பிடிக்கிறார்கள். கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தொட்டாலோ தாண்டினாலோ அறிவிக்க வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. ஒயின், பாட்டில் எலுமிச்சைச் சாறு, உலர்த்திய உருளைக்கிழங்கு, சில இறால் வகைகளிலும் வரும். கறுத்துப்போன, சல்ஃபைட் சேர்க்காத உலர்பழத்தைச் சாப்பிட்டால் தொந்தரவு இல்லை என்றால் அது ஒரு துப்பு. ஆனால் இந்தச் சோதனையை வீட்டில் நீங்களாகச் செய்ய வேண்டாம், மருத்துவர் மேற்பார்வையில் செய்யுங்கள்.

கேள்வி: மாத்திரையிலும் ஸ்டார்ச் இருக்கிறதே?

பதில்: இருக்கிறது. உணவு லேபிள் சட்டம் மாத்திரைக்குப் பொருந்தாது என்பதால் தனியாகத்தான் கேட்க வேண்டும். பெரும்பாலும் மக்காச்சோளம் அல்லது உருளைக்கிழங்கு ஸ்டார்ச். சோடியம் ஸ்டார்ச் கிளைக்கோலேட்டும் வழக்கமாக உருளைக்கிழங்கிலிருந்து எடுப்பதே. கோதுமை ஸ்டார்ச் அரிது. அது இருந்தாலும் ஒரு மாத்திரையில் ஸ்டார்ச்சின் மொத்த எடையே சில நூறு மில்லிகிராமுக்குள் என்பதால் குளூட்டன் மிகச் சொற்பம். சீலியாக் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குள் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை என்று கருதப்படுகிறது. தினமும் 50 மில்லிகிராம் மூன்று மாதம் போனால் குடல் சேதமாகிறது என்று 2007-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதோடு ஒப்பிட்டால் ஒரு மாத்திரைக்காக அவசர மருந்தை நிறுத்துவது நியாயமே இல்லை.

பால் ஒவ்வாமை உள்ளவர்கள்தான் இங்கே அதிகம் பார்க்க வேண்டும். உலர்பவுடர் இன்ஹேலர்கள் பலவற்றில் லாக்டோஸ் கேரியர் இருக்கிறது, அதில் பால் புரதம் இம்மியளவு ஒட்டியிருக்கலாம். கடுமையான பால் ஒவ்வாமை இருந்தால் பயன்படுத்தக் கூடாது என்று சில இன்ஹேலர்களின் உள்தாளிலேயே அச்சிட்டிருக்கும். மருந்துக் கடையில் டப்பாவைத் திறக்கச் சொல்லி அந்தத் தாளை அங்கேயே படியுங்கள். லாக்டோஸ் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி, அதே மருந்து ஸ்ப்ரே வடிவில் கிடைக்கிறதா என்று கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.